ஒலி கேட்கிறது, சொல் கேட்கவில்லை

காது மந்தம் என்றால் விளக்கின் திரியைத் தாழ்த்தியதுபோல எல்லா ஒலியும் ஒரே அளவில் மங்கிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். திரியைத் தூண்டினால் வெளிச்சம் வரும்; அதுபோல உரக்கப் பேசினால் காது மந்தமானவர்க்கும் கேட்டுவிடும் என்பது ஊரார் நம்பிக்கை. போலாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் நான் பழகிய முதியோர் பலரிடம் இந்த நம்பிக்கை பலிப்பதில்லை. அவர்கள் சொல்லுவது இதுதான்: "சத்தம் கேக்குது தம்பி, என்ன பேசறாங்கன்னுதான் புரியல." வீட்டார் இதை நம்புவதில்லை. கதவு தட்டினால் கேட்கிறது, குக்கர் கூவினால் கேட்கிறது, நாம் பேசினால் மட்டும் எப்படிக் கேளாமற்போகும், வேண்டுமென்றே செய்கிறார் என்பார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதியவர் சொல்வது உண்மை. அஃது எவ்வாறு உண்மை என்பதையும், அதை அளந்து காட்டும் முறை ஐதராபாத்தில் வாழும் தமிழருக்கு ஏன் தனிச்சிக்கல் ஆகிறது என்பதையும் கேட்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என் தோழர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது. செகந்திராபாத் படைவீடாக அமைந்தது 1806-ஆம் ஆண்டில். சென்னைப் படையோடு தமிழரும் இங்கு வந்தனர். சிப்பாய்களாகவும், குத்தகைக்காரர்களாகவும், சமையற்காரர்களாகவும், எழுத்தர்களாகவும் வந்து, பிறகு இரயில்வேயிலும் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவர் பலர். அதன் வடகோடியில் உள்ள போலாரத்தில் நிஜாமின் பெயரால் ஆங்கில அதிகாரிகள் நடத்திய படை இருந்தது. ரெசிடென்டின் பழைய மாளிகைதான் இன்று குடியரசுத் தலைவர் தெற்கே வரும்போது தங்கும் நிலையம். இந்தக் குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, அலுவலகத்தில் இந்தியோ உருதுவோ ஆங்கிலமோ. நான்கு மொழியும் தெரிந்தவர்கள் என்று நாம் அவர்களை வியக்கிறோம். காது நன்றாக இருக்கும்வரை அவ்வியப்பு சரியே.

அதே கண்டோன்மென்ட் வட்டாரத்தில், போயினப்பள்ளி மனோவிகாஸ் நகரில், அலி யாவர் ஜங் பெயர் தாங்கிய தேசிய நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. தலைமை நிறுவனம் 1983-இல் பம்பாயில் தொடங்கப்பெற்றது. அலி யாவர் ஜங் நம் உஸ்மானியாவின் துணைவேந்தராக விளங்கியவர். பிற்காலத்தில் மகாராஷ்டிர ஆளுநர். பேச்சுக்கும் செவிக்கும் உரிய பயிற்சியும் மருத்துவமும் நம் வாசலிலேயே இருக்கின்றன என்பதை நம் விடுதி நண்பர்களிற் பலர் அறியார். மைசூரில் 1965-இல் ஏற்பட்ட அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனத்தைக்கூடச் சிலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அருகிலுள்ளது தெரியவில்லை.

இனிச் செவியின் அமைப்பைக் காண்போம். காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை வாங்கி உட்செவிக்குக் கொடுக்கின்றன. செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப்போல ஏறத்தாழ 17 மடங்கு. பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தம் சிறிய பரப்பில் குவிவதால்தான் காற்றின் மெல்லிய அசைவு உட்செவியிலுள்ள நீரை அசைக்க முடிகிறது. உட்செவி நத்தையின் ஓடுபோலச் சுருண்டது, இரண்டரைச் சுற்று. நிமிர்த்திப் பார்த்தால் நீளம் 35 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டுவிரலின் பாதிக்கு மேல் கொஞ்சம். இதனுள்ளே ஏறத்தாழ 15,000 உணர்முடி உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன.

இந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கோடியில் கட்டை ஒலியும் மறுகோடியில் கீச்சொலியும் இருப்பதுபோல, நத்தைக்கூட்டின் வாயிலில் உள்ள அணுக்கள் உச்ச ஒலிகளையும், சுருளின் உச்சியில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கின்றன. இறந்த மனிதரின் உட்செவியில் அலை எவ்வாறு ஓடுகிறது என்பதை உருப்பெருக்கி வைத்துக் கண்ணால் கண்டவர் ஹங்கேரி நாட்டுத் தொலைபேசிப் பொறியாளர் கேயார்க் பான் பெகேசி. மருத்துவர் அல்லாத அவருக்கு 1961-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இறந்த செவியில் அவர் கண்டதைவிட உயிருள்ள செவி மிகக் கூர்மையானது. உயிருள்ள உணர்முடி அணுக்கள் தாமே அசைந்து ஒலியைப் பெருக்கித் தருகின்றன. அப்பெருக்கத்தில் ஒரு சிறு ஒலி வெளியேயும் கசிகிறது. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். காது கேட்பதோடு நில்லாமல் முணுமுணுக்கவும் செய்கிறது! இன்று பிறந்த குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து ஒரு சில நிமிடங்களில் சோதிப்பது இந்த முணுமுணுப்பைத்தான். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது இத்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. நம் வீடுகளில் "மெதுவாகத்தான் பேசும், இவன் அப்பனும் அப்படித்தான்" என்று மூன்றாண்டுகளைக் கடத்திவிடுகிறோம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம்மவர்க்கு இச்சோதனை மற்றவரைவிட அவசரமானது. பிறவிச் செவிக்குறைக்குப் பரம்பரை பெருங்காரணம், நெருங்கிய உறவு மணத்தில் அது வெளிப்படும் வாய்ப்பு மிகும்.

முதியோருக்கு வருவோம். நத்தைக்கூட்டின் வாயிலில் நிற்கும் உச்ச ஒலி அணுக்களே முதலில் மடிகின்றன. முதுமையும் அங்கிருந்து தொடங்குகிறது, இரைச்சலின் தாக்குதலும் அந்தப் பக்கத்திலேதான். கோழிக்கு மடிந்த அணு மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. துப்பாக்கியோடு காலங்கழித்த படைவீரர்களின் செவிப்படத்தில் 4000 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். போலாரம் பக்கத்தில் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் பலருண்டு. அப்பள்ளத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகளின் வலிமையிற் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கின்றன; அவை வலிமை குறைந்தவை, நொடியிற் சிறு பகுதியே நிற்பவை. பத்து, பட்டு, பற்று என்பவற்றைச் சொல்லிப் பாருங்கள். முதலும் முடிவும் ஒன்றே. நடுவே நா எங்கே பட்டு விடுபட்டது என்பதுதான் வேறுபாடு. சகரத்தின் சீறல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும் செல்கிறது. கலை, களை, கழை என்னும் மூன்றையும் வேறுபடுத்தும் ஒத்திசைவு ஏறக்குறைய 1500-க்கும் 3000-க்கும் இடையே கிடக்கிறது. ழகரம் சொல்லும்போது அது நன்கு தாழ்கிறது, லகரத்தில் மேலே நிற்கிறது. வாயில் எந்த இடத்தில் எந்த எழுத்துப் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்து வைத்தார். அவ்விட வேறுபாட்டைச் செவி எந்த அலைவெண்ணில் பிடிக்கிறது என்பதே நம் துறையின் பாடம்.

ஆகவே உச்ச ஒலி அணுக்களை இழந்த பெரியவருக்கு நேர்வது என்ன? உயிர் நிற்கிறது, மெய் போய்விடுகிறது. ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், ஆணா பெண்ணா என்பது தெரியும், கோபமா கொஞ்சலா என்பதும் தெரியும். சொல் மட்டும் தெரியாது. நாம் உரக்கக் கத்தினால் ஏற்கெனவே கேட்கும் உயிரெழுத்துத்தான் இன்னும் பெருக்கிறது. அதுமட்டுமன்று, பழுதான செவியில் கேளாத ஒலிக்கும் தாங்காத ஒலிக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. மெல்லச் சொன்னால் "என்ன?" என்பார், சற்றே உயர்த்தினால் "ஏன் கத்துகிறாய்?" என்பார். வீண் சண்டை என்று நாம் நினைப்பது உட்செவியின் இயல்பு.

இதை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று தனிச்சுருதிச் சோதனை. ஒலி புகாத அறையில் அமர்த்தி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து, எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது என்று குறிப்பார்கள். அளவு டெசிபெல்லில். தொலைபேசி கண்ட பெல்லின் பெயரால் வந்தது அது. அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். இந்த அளவு நம் சாதாரணக் கூட்டற்கணக்கில் நடப்பதன்று. 10 டெசிபெல் ஏறினால் ஆற்றல் 10 மடங்கு, 60 ஏறினால் 10 இலட்சம் மடங்கு. "40 டெசிபெல்தானே, பாதிகூடப் போகவில்லையே" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மற்றொன்று சொற்சோதனை. நன்கு கேட்கும் உரத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார்கள். கேட்டவர் திருப்பிச் சொல்லவேண்டும். 25 சொல் என்றால் சொல்லுக்கு நான்கு மதிப்பெண். இரண்டாம் உலகப் போரில் செவி பழுதாகித் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்காக இராணுவ மருத்துவமனைகளில் இம்முறை வளர்ந்தது. அங்கே பணிசெய்த ரேமண்ட் கார்ஹார்ட்டைக் கேட்பியலின் தந்தை என்பர். காதுக்கருவி பயன்படுமா, எந்தக் காதில் வைப்பது, மூளைக்குச் செல்லும் நரம்பில் கோளாறு உண்டா என்பவற்றுக்கெல்லாம் இந்த மதிப்பெண்தான் வழிகாட்டி.

தனிச்சுருதிக்கு மொழி இல்லை. சொல்லுக்கு உண்டு. தமிழர் பாடு இங்கேதான் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி போலாரத்தில் இருக்கிறார். ஐம்பது ஆண்டுக்கு மேல் இவ்வூர்வாசம். காய்கறிக்காரியோடு தெலுங்கில் பேரம் பேசுவதில் தெலுங்கரே தோற்பார்கள். செவி மங்கவே, மகன் நகரில் ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தெலுங்குச் சொற்பட்டியலை வைத்துச் சோதித்தார்கள். வந்தவர் தெலுங்கில்தான் பேசினார், ஆகையால் அவர்களுக்கு ஐயம் எழவில்லை. 25-இல் பத்துச் சொற்களே சரியாக வந்தன. சுருதிப்படத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. கருவி வைத்தாலும் பெரும்பயன் இராது, ஞாபகசக்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் துயரம் குடிகொண்டது. பாட்டியின் பெட்டிச்சாவியை மருமகள் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு இதில் அதிகமாக உறுத்தியது அந்தச் சாவிதான்.

சில வாரங்கள் கழித்து வேறோரிடத்தில் ஒலிப்பதிவு செய்த தமிழ்ப் பட்டியலைக் கொண்டு அதே உரத்தில் சோதித்தார்கள். சோதித்தவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டி திருப்பிச் சொல்வதைக் கேட்டு எழுத நான் உடன் அமர்ந்தேன். பதினெட்டுச் சொற்கள் சரியாக வந்தன. தற்செயலாக வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருபத்தைந்து சொற்களில் இரண்டு மூன்று சொல் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுமில்லைதான். நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு மாறும். பத்துக்கும் பதினெட்டுக்கும் உள்ள தூரம் அந்த எல்லையைத் தாண்டியது.

எப்படி இது நேர்ந்தது? பழுதான செவி சொல்லின் பாதியைத்தான் கொடுக்கிறது. மீதியை மூளை தன் சேமிப்பிலிருந்து இட்டு நிரப்புகிறது. தாய்மொழிச் சேமிப்பு ஆழமானது. பின்னால் கற்ற மொழியில், காது நன்றாக உள்ள இளைஞருக்கே, இரைச்சலுக்கிடையே சொற்கள் நழுவுகின்றன என்று பலநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் விடுதிச் சாப்பாட்டு அறையில் தெலுங்கு நண்பர் நால்வர் ஒரே சமயத்தில் பேசும்போது நாம் சிரிப்பதற்கு ஒரு நொடி பிந்துகிறோமே, அதுதான். மேலும் தெலுங்கில் நம் ககரம் ஒன்றுக்கு நான்கு எழுத்துகள். அவ்வேறுபாட்டைக் குழந்தைப் பருவத்தில் பழகாத செவி, மங்கிய பிறகு அதைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். பேரம் பேசும்போது தக்காளியும் தராசும் எதிரே இருக்கின்றன, உதடும் தெரிகிறது. சோதனை அறையில் தனிச்சொல் ஒன்றைத் தவிர வேறு துணை இல்லை.

ஆங்கிலப் பட்டியலையோ தெலுங்குப் பட்டியலையோ அப்படியே தமிழில் பெயர்த்துவிடலாகாதா எனின், ஆகாது. பட்டியலில் ஒவ்வொரு ஒலியும் அம்மொழிப் பேச்சில் எந்த அளவு வருமோ அந்த அளவில் வரவேண்டும். எல்லாச் சொல்லும் படியாதவருக்கும் பழகியதாக இருக்கவேண்டும். ஒன்று எளிதும் மற்றொன்று அரிதுமாக இருக்கலாகாது. 'மரம்' என்பதைப் பெயர்த்தால் பொருள் வரும், மகரமும் ரகரமும் வருமா? தமிழுக்கென ஒலிச்சமன் பார்த்த பட்டியல் ஒன்று மைசூரில் 1976-ஆம் ஆண்டின் ஆய்வேட்டில் உருவாயிற்று. அரைநூற்றாண்டு ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் இத்தகைய பட்டியல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் தமிழர் தமிழ்நாட்டில் மட்டுமா செவி மங்குகிறார்கள்?

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் பேச்சுக்குரிய அலைவெண்களில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழந்தவரைக் குறைந்த செவியுடையார் என்றும், 70 இழந்தவரைக் கேளாதார் என்றும் வகுக்கிறது. அது டெசிபெல்லை எண்ணுகிறது; சொல்லை எண்ணவில்லை. 50 டெசிபெல் இழந்து, உரையாடலில் பாதியைத் தவறவிடுபவர் அச்சட்டத்தின் கணக்கில் குறையில்லாதவர். எல்லைக்கோடு எங்கேனும் கிழிக்கத்தான் வேண்டும் என்பது புரிகிறது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, ஏதேனும் ஓர் அளவில் செவிக்குறை உடையோர் உலகில் 150 கோடி என்றும், அவர்களுள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் குறையுடையோர் 43 கோடி என்றும் கணக்கிட்டது. கோட்டுக்கு இப்பால் நிற்பவரே மிகப் பெருங்கூட்டம்.

புத்தி தடுமாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் பத்திரிகைகளில் இப்போது அடிபடும் செய்தி அது. செவிக்குறை உடையவர்க்கு முதுமையில் அறிவு மங்கும் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. கருவி வைத்தால் அது தடுக்கப்படுமா என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரைக் கொண்டு மூன்றாண்டு ஆராய்ந்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தக் கூட்டத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே அபாயம் மிகுந்திருந்த ஒரு பிரிவில் மட்டும் மங்குவது ஏறக்குறைய பாதியாகத் தணிந்தது. ஆகவே கருவி வைக்காவிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்று விளம்பரக்காரர் பயமுறுத்துவதை நம்பவேண்டாம். பயனே இல்லை என்று தள்ளவும் வேண்டாம். எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது வேறொன்று. ஞாபகசக்திச் சோதனையையும் வாய்மொழியாகத்தானே செய்கிறார்கள்? கேள்வியே காதில் விழாதவர், அதுவும் அயல்மொழிக் கேள்வி விழாதவர், விடை தவறினால் அது எந்த உறுப்பின் குற்றம்?

பாட்டிக்கு இப்போது இரு காதிலும் கருவி இருக்கிறது. தாழ்ந்த சுருதிகளை விட்டு உச்ச சுருதிகளை மட்டும் உயர்த்தும்படி அமைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் பாத்திரம் வைக்கும் ஓசைக்கெல்லாம் முகஞ்சுளித்தார். பல ஆண்டு கேளாதிருந்த மெய்யொலிகளுக்கு மூளை மறுபடியும் பழக நாள் பிடிக்கும். இதைச் சொல்லி அனுப்பாததால்தான் எத்தனையோ கருவிகள் பெட்டிக்குள் தூங்குகின்றன. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மூன்றடி தூரத்தில் முகம் பார்த்து, கத்தாமல் நிதானமாகப் பேசும்படி வீட்டாருக்குக் கற்பித்தோம். சாவி திரும்பியது.

நம் தோழர் எவரேனும் இதுபோல ஒருவருக்குத் துணையாகச் சென்று எழுத நேர்ந்தால், ஒரு நுட்பத்தை மட்டும் அறிந்து செல்லவேண்டும். எழுதவேண்டியது அவர் வாயில் வந்த சொல்லை. அவர் சொல்ல நினைத்திருப்பார் என்று நாம் கருதும் சொல்லை அன்று. இதில் தமிழுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. இங்குள்ள நம்மவர் பலர் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றே பிறந்ததுமுதல் சொல்லி வருகிறார்கள். 'கழை' என்று கொடுத்தபோது 'களை' என்று திருப்பிச் சொன்னால், பிழை காதினுடையதா, நாவினுடையதா? ஆதலால் சோதனைக்குமுன் அவரைச் சாதாரணமாகச் சிறிது நேரம் பேசவிட்டு, பழம், மழை, கிழவி முதலிய சொற்களை எப்படி உச்சரிக்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். பாட்டியின் தாளில் நான் குறித்திருந்தது மூன்று ளகரங்கள். பதினெட்டு என்று நான் சொன்ன கணக்கு அவற்றைப் பிழையாகக் கொள்ளாமல் எண்ணியது.